அப்பாவின் கண்ணுக்கு வாங்கிய நிறங்கள்

அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மறையூரில் கட்டிய சின்ன வீட்டுக்குக் குடிவந்தார்கள். அந்த வீட்டை அலங்கரிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குக் கொச்சியில் கணக்கெழுதும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்துவைத்து ஊரார் வீட்டு வரவேற்பறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். லயத்தில் கம்பெனி அடித்துக் கொடுத்த நிறம்தான் எங்கள் நிறம். இந்தச் சுவர்கள் எங்களுடையவை.

சாம்பல் நிற சோபா, அதே நிறத்தில் தரைவிரிப்பு, வெள்ளைத் திரைச்சீலை, வெள்ளை மேசை, வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றாகப் பார்சலில் வந்து இறங்கின. லீவு போட்டு வந்து எல்லாவற்றையும் அடுக்கினேன். போனில் பார்த்த அறை அப்படியே கண்முன் நின்றது. அம்மா நடைவாசலில் நின்றபடி, "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு" என்றாள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்பா மட்டும் வீட்டுக்குள் அதிகம் வரவில்லை. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். புது இடம் பழகவில்லை போல என்று அம்மாவும் நானும் பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் காலையில் காப்பி குடிக்கக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். நான் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை மேசையின் ஓரத்தைத் தொட்டு, மெல்ல நகர்ந்து, தடவித் தடவிப் போய்க் கோப்பையில் முட்டியது. பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கோப்பை தெரியலையாப்பா?"

கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "மேசை எது, கோப்பை எதுன்னுதாம்மா பிடிபடல. எல்லாம் ஒண்ணா மூடுபனி மாதிரி கெடக்கு."

"எம்புட்டு நாளா இப்படி?"

"அங்கன இருக்கும்போதே மங்கல்தான். லயத்துல எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும், கண்ணு தேவப்படல. நீ ஆசையா செஞ்ச வீடு. இதப் போயி எப்படிச் சொல்ல?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட."

மறுநாளே பஸ் ஏறி உடுமலைப்பேட்டைக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, போன பார்வை திரும்பாது, சொட்டுமருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வெளியே வந்ததும் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் அவர்கள் கைபிடித்து நடந்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஜவுளிக்கடைக்குப் போகலாம் என்றேன். இந்த முறை என் ரசனை வேண்டாம், அப்பாவின் கண் சொல்லட்டும் என்று தோன்றியது. கடையில் இருந்த பெண் திரைத்துணிகளை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து, ஒன்றின் மேல் ஒன்றாக விரித்துக் காட்டினாள். அப்பா முதலில் கூச்சப்பட்டார். பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"இது தெரியல. இதும் தெரியல. ஆங், அந்த மஞ்சள் நல்லாத் தெரியுது."

அம்மாவுக்கு வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு துணி பிடித்திருந்தது. அப்பா அதை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அம்மா மறுபேச்சில்லாமல் அதை மடித்து வைத்தாள். வாசலுக்கு மஞ்சள் திரை, சோபாவுக்குக் கருநீல விரிப்பு. பக்கத்துப் பாத்திரக்கடையில் கரும்பச்சைக் கோப்பைகள் கிடைத்தன.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். நிறங்கள் ஒத்துப்போக வேண்டும் என்றே நான் படித்திருந்தேன். இங்கே பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் அழகு. வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் இருந்த இடத்தைச் சுற்றிப் பட்டையாகக் கறுப்பு அடித்தோம். கதவு நிலைகளுக்கு அடர்ந்த காவி. காலில் வழுக்கிய தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டு, குளியலறை வாசலில் சொரசொரப்பான கயிற்று மிதியடி போட்டோம். பாதத்தில் குத்தினால் வாசல் வந்துவிட்டதென்று அப்பாவுக்குத் தெரியும். ஒரு சின்ன டப்பா மஞ்சள் பெயின்டும் வாங்கியிருந்தோம்; அதை அம்மாவே வெளிப்படியின் விளிம்பில் பூசினாள்.

"கலியாண வீடு மாதிரில்ல இருக்கு" என்றாள், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே.

சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் புதுவீட்டை மந்திரித்த அன்று எஸ்டேட்டிலிருந்து பழைய ஆட்கள் வந்தார்கள். அப்பா யார் கையையும் பிடிக்காமல் முன்னால் நடந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். "இந்தக் கலரெல்லாம் யாரு எடுத்தது?" என்று ஒருவர் கேட்டார். "நான்தான்" என்றார். அம்மா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

கொச்சிக்குத் திரும்பியபின் ஒரு காலை அம்மா போன் செய்தாள். வழக்கமாகப் பரபரவென்று பேசுகிறவள், அன்று நிதானமாகப் பேசினாள்.

"உங்கப்பா எனக்கு முன்ன எந்திரிச்சு டீ போட்டு வச்சிருக்காரு. நான் இன்னும் கட்டில விட்டே எறங்கல."

"எப்படி இருக்கு டீ?"

"இனிப்பு ஜாஸ்தி" என்றாள். குடிக்கும் சத்தம் கேட்டது.