ஸ்டோர் ரூமில் காய்ந்த படம்

தினசரி நாள்காட்டித் தாளின் பின்புறம் அம்மா எழுதிவைத்த குறிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது: "ஆடிச் செவ்வாய். பாப்பாவுக்கு அம்மை. தாளிப்பு வேண்டாம்." ஆண்டு அச்சாகியிருந்த மூலை கிழிந்துவிட்டது. நான் அப்போது தொடக்கநிலை மூன்றில் படித்தேன் என்பதால் எனக்கு ஒன்பது வயது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓவியம் படித்த சித்தி, சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஒருவகை மரப்பாலான லேக்கரைப் பலகையில் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவார். அந்த மாதப் பலகையில் கறுப்புத் தரைமேல் மூன்று சிவப்பு முக்கோணங்கள், குறுக்கே ஒரு பொன்தாள் பட்டை. சித்தியின் படைப்புகளில் முதல்முறையாக அதுதான் ஒரு கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

இந்த வேலைக்கு ஸ்டோர் ரூமை அம்மா ஒரு நிபந்தனையோடுதான் விட்டுக்கொடுத்திருந்தார். "இதனால பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அன்னைக்கே எல்லாம் வெளிய போயிடும். சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்காதபோது உள்ளே போய், பளபளத்த ஒரு முக்கோணத்தில் விரலை வைத்தேன். ஒட்டியது. சட்டையில் துடைத்துக்கொண்டேன். அதே கையால் முகத்தையும் தொட்டிருக்கவேண்டும். செவ்வாய் காலை முகம் வீங்கி, விரலிடுக்குகளில் நீர்க்கொப்புளங்கள். ஆடி மாதம் வேறு. அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. தேக்கா சந்தையிலிருந்து வேப்பிலை வந்தது. அம்மன் வந்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகக்கூடாது என்றார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை கொடுக்கலைன்னா என் இடம் போயிடும்."

"மூணு தண்ணி ஊத்தினப்புறம் கொண்டுபோ. உன் முக்கோணம் எங்கயும் ஓடிடாது லா."

"அப்ப டாக்டர்கிட்டயாவது காட்டு. அம்மையான்னு அவர் சொல்லட்டும்."

பிறகு சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைத் திருப்பி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உள்ள போனியா?"

"இல்ல சித்தி."

அவர் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் அம்மா கேட்டார்: "என்னடி, கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

"வேணாம்க்கா. அம்மைதான்."

வெள்ளிக்கிழமை கண்காட்சிக்காரர்களிடம் அவர் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பது என் படுக்கைவரை கேட்டது. நான் சொன்ன பொய்யை அவர் நம்பிவிட்டார் என்ற நிம்மதியில் தூங்கிப்போனேன். லேக்கர் பழகத் தொடங்குபவர்கள் பலருக்கு இதே கொப்புளங்கள் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பலகை வெள்ளிக்கிழமைக்கு முன்பே வீட்டைவிட்டுப் போயிருக்கும், ஆனால் அதன்பிறகு வேறொரு பலகை உள்ளே வந்திருக்காது என்பதும் தெரியாது.

அடுத்த நான்கு ஆண்டுகளில் சித்தி அந்த அறையில் பதினொரு பலகைகளை முடித்தார். ஒவ்வொன்றும் முடிந்த நாளைக் குறித்துவைத்திருக்கிறேன். "அம்மைதான்" என்று அவர் தெரிந்தேதான் சொன்னாரா என்பதற்கு மட்டும் என்னிடம் ஆதாரம் இல்லை. வாரம் ஒருமுறை அவரோடு பேசுகிறேன். இன்னும் கேட்கவில்லை.