டொக்டருக்கு அம்மா சொன்ன பதில்கள்

“கம்பஸ் முடிச்சவளுக்கு ஓட்டிசமாம். நாளைக்கு ‘எனக்கு நடக்கத் தெரியாது’ எண்டும் சொல்லுவாய்.”

கிணற்றடியில் உடுப்புக்குச் சவர்க்காரம் போட்டபடி அம்மா சொன்னார். கோபத்தோடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அம்மா கைநாட்டு வைப்பவர். அப்பா வாவியில் வலை வீசுபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதை மெல்லச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. விரிவுரை மண்டபத்தின் மின்விசிறிகளும் கதிரை இழுபடும் ஓசையும் தலைக்குள் ஒன்றாய் இரைய, கழிப்பறையில் பூட்டிக்கொண்டு என் கையையே கடித்து, திரும்பப் போய் உட்கார்ந்து எடுத்த பட்டம் அது.

இரண்டாம் வருடம் உடைந்துபோனேன். எழும்பவோ குளிக்கவோ முடியவில்லை. செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு, கண் விழிக்கும் முன்பே விழித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மனச்சோர்வு என்றார்கள், குளிசை தந்தார்கள். நான் உயிரோடு இருப்பது அந்தக் குளிசையால்தான். ஆனாலும் அது தொடாத ஒன்று இருந்தது. பட்டம் எடுத்து வேலைக்குப் போன கந்தோரில் ஒருவர் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது என்று நான் யோசித்துத்தான் சொல்வேன். நாள் முழுக்க அப்படி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க முடியாது. பிறகு மறுபடி படுக்கை, மறுபடி குளிசையின் அளவைக் கூட்டுதல்.

கிளினிக்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண் டொக்டர்தான் இதை முதலில் முழுதாகக் கேட்டார். “பிறப்பிலேயே வாற ஓட்டிசமா இருக்கலாம். அப்படியெண்டா வைத்தியத்தையே வேற மாதிரிச் செய்யவேணும்” என்றார். வளர்ந்தவர்களுக்கு அதை உறுதிப்படுத்தச் சின்ன வயதுக் கதை தேவையாம். அதைச் சொல்ல வளர்த்தவர் வரவேண்டும். “அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க.”

அம்மா வந்தார், கோயிலுக்குக் கட்டும் சீலையைக் கட்டிக்கொண்டு.

“எத்தனை வயசில கதைச்சவ, அம்மா?”

“ஒரு வயசிலயே நல்லாக் கதைச்சவள்.”

“சத்தத்துக்குப் பயப்படுவாவா?”

“சீச்சீ. திருவிழாவெண்டா முன்னுக்கு நிப்பாள்.”

“சாப்பாடு?”

“குடுக்கிறதத் தின்னும் புள்ள. ஒரு குறை இல்ல.”

“கூட்டாளிமார்?”

“கூட்டாளிமாருக்கு என்ன, வீடு நிறைய. எண்டாலும் தேவையில்லாம வெளிய போகமாட்டாள். அடக்கமான புள்ள. வீட்டு வேலையெல்லாம் செய்வாள்.”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். நாலு வயது வரை நான் பேசவில்லை. சாமி ஆடிக் கட்டுச் சொல்பவரிடம் என்னைத் தூக்கிக்கொண்டு போய், ‘என்ட புள்ளட வாயத் திறந்து வையுங்க தாயே’ என்று அம்மா அழுததை அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் வெடி போட்டபோது கடைக்காரரின் சாக்குக்குள் புகுந்துகொண்டவள் நான். வெறும் சோறும் பொரித்த மீனும் தவிர வேறெதையும் வாயில் வைக்காததற்கு வாங்கிய அடிக்கு அளவில்லை. கையைக் கடிக்காமலிருக்க அம்மா வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றிக் கட்டுவார். சாமிக்குச் சொன்ன எதையும் அவர் டொக்டருக்குச் சொல்லவில்லை.

டொக்டர் பேனாவை மூடினார். “அம்மா சொல்றபடி பாத்தா நான் ஒண்டும் எழுத ஏலாது” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்த மாதம் இன்னொரு முறை வரச் சொன்னார்.

பஸ் நிற்கும் இடத்தில் கேட்டேன். “ஏம்மா பொய் சொன்னீங்க?”

“அவ ஆருகா? எந்த ஊர்? அவட சொந்தக்காரர் ஆர் ஆரெண்டு உனக்குத் தெரியுமா?”

“அவ டொக்டர்.”

“டொக்டருக்கு மாமி இல்லையா, போய்ச் சொல்ல? அவ கேட்டதெல்லாம் சம்பந்தம் பேச வாறவங்க கேக்கிற கேள்விதானே. அதுக்கு அப்பிடித்தான் சொல்லவேணும்.”

எங்கள் பக்கத்து வழக்கத்தில் கல்யாணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெண்பிள்ளைக்குத்தான். எனக்கென்று அப்பா கட்டிய வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓர் ஆசிரியரைக் கேட்டுப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகாத மகளைப் பற்றி வெளியாள் ஒருவர் கேட்டால் தாய் என்ன சொல்லவேண்டும் என்பதை அம்மா யாரிடமும் படிக்கவில்லை. அம்மாவின் தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அம்மாவுக்கு அது பொய்யே இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார்.

பிறகு வந்த நாட்கள் மோசமானவை. வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அவங்கட ஆக்கள் வந்தா இப்பிடியா படுத்திருப்பாய்?” என்று கேட்டார். கல்யாணப் பேச்சு இருக்கும்வரை அம்மா உண்மை பேசப்போவதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பேச்சு முடிந்து நான் அந்த வீட்டுக்குப் போனால், அங்கேயும் எழும்பாமல் கிடப்பேன். பக்கத்தில் ஒரு மனிதர் நிற்பார், அவ்வளவுதான்.

பேச்சுக்கு நடுவில் நிற்கும் பெரியப்பாவுக்கு நானே போன் எடுத்தேன்.

“பெரியப்பா, அந்தச் சம்பந்தத்த நிப்பாட்டுங்க.”

“என்ன புள்ள, மாப்பிள பிடிக்கல்லையா?”

“அவருக்கு ஒரு குறையும் இல்ல. நான் மனநோய்க் கிளினிக்குக்குப் போறன். கம்பஸில இருந்தே போறன். அதையே சொல்லுங்க.”

“சொன்னா ஊரே கதைக்கும் புள்ள” என்றார்.

“கதைக்கட்டும்.”

“அம்மாக்குத் தெரியுமா?”

“இனிப் போய்ச் சொல்லுவன்.”

போனை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, ஒத்திகை பார்க்காமல் சொன்னேன்.

“அம்மா, இனி ஆரும் சம்பந்தம் பேச வரமாட்டாங்க. வாற கிளினிக்கில டொக்டருக்கு உள்ளதச் சொல்லலாம்.”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. துருவுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.