தட்டின் இரண்டாம் பக்கம்

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர், சிசிலியில் சீசா என்ற பகுதியில் நான் பராமரித்த சிஞோரா, வயதான இத்தாலிய அம்மா. நானும் அதே இனம்தான். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒட்டியாயிற்று, இனி நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியும் நாற்காலியை விட்டு எழும்ப மாட்டேன் என்றார்.

மிலானில் இருக்கும் மகன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்: அம்மா நடக்காவிட்டால் மாதக் கடைசியில் முதியோர் இல்லம். சிஞோராவுக்கு வீடு போகும், எனக்கு வேலை போகும். வேலை இல்லாமல் என் பெர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம்.

சிஞோராவுக்குப் பிடித்தது அறுபதுகளில் வந்த ஓர் இசைத்தட்டு. பாடுவார் யாரும் இல்லை, ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும்தான். கல்யாண வீட்டுக்குப் பிந்தி வந்த பாண்ட் கோஷ்டி மாதிரி அவசரமும் குஷியுமாக ஊதித் தள்ளுவார்கள். ஒரு பக்கம் முடிந்தால் யாராவது போய்த் தட்டைப் பிரட்ட வேண்டும். தினமும் அது என் வேலை. ஒரு மத்தியானம் அதைச் செய்யாமல் விட்டேன்.

ஊசி கிர், கிர் என்றது. நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"செவிடோ நீ? பிரட்டிப் போடு."

"மாட்டன். நீங்கள் எழும்பிப் பிரட்டுங்கோ."

"மகனிட்டைச் சொல்லி உன்னை நிப்பாட்டுவன்."

"சொல்லுங்கோ. போன் அங்கை மேசையிலை கிடக்கு, போய் எடுங்கோ."

நாங்கள் கதைத்தது இத்தாலியனில். என் நினைவில் நிற்பது தமிழில்.

அன்று அவர் எழும்பவில்லை. அடுத்த நாளும் ஒரே பக்கத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நானும் விடவில்லை. பிறகு ஒரு நாள் நாற்காலி கிறீச்சிட்டது. நான் நிமிராமல் கையில் இருந்த வேலையைப் பார்த்தேன். மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, தெரிந்த சிசிலியக் கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் என் தலையில் கொட்டிக்கொண்டே போனார். தட்டைத் தூக்கி, அதே பக்கத்தைத்தான் திரும்ப வைத்தார். இரண்டு பேரும் அதையே முழுக்கக் கேட்டோம்.

மாதக் கடைசியில் மகன் வந்தார். அம்மாவின் உடுப்புகளை அடுக்க ஒரு பெரிய பெட்டியும் கொண்டுவந்தார். நான் தட்டைப் போட்டேன். முதல் பக்கம் முடிந்ததும் அதைப் பிரட்ட மகன் மரியாதையாக எழுந்தார்.

"தொடாதை!" சிஞோரா போட்ட சத்தத்தில் மகன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அது என்ரை வேலை."

சிஞோரா போய்த் தட்டைப் பிரட்டும்வரை நான் கைகளை மடியில் இறுக்கிக் கோத்திருந்தேன். இரண்டாம் பக்கத்து ட்ரம்பெட் கிளம்பியதும், மகன் தன் பெட்டியைப் பார்த்தார். நான் எழும்பி அதை வெறுமையாகவே வாசல் கதவடியில் கொண்டுபோய் வைத்தேன்.