கண்ணாடிக்கு அடியில் இரண்டு மொட்டைகள்

கையடக்கக் கேமரா விற்பவர் ஒரே பெட்டியில் இரண்டு பொருள்களை விற்கிறார்: ஒன்று மெலிவு, மற்றொன்று படத்தின் தரம், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதைச் சொல்ல வேண்டியவரும் அவரே. டிஜிட்டல் கேமராக்கள் ஊருக்குள் வந்திறங்கிய ஆண்டுகளில், திருத்தணி பேருந்து நிலையத்துக்கு அருகே காதர் பாயின் கடையில் நான் விற்பனையைக் கவனித்தேன். தமிழில் பட்டம் பெற்றும் ஆசிரியர் பணிக்கு அழைப்பு வராத எனக்கு அந்த மேசைதான் பிழைப்பு. வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு முதலாளியின் முன் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இனி வருவது புதிதாக இராது.

ஒரே தலை, இரண்டு படம்

சென்னையிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி, சீட்டுக்கட்டைவிட மெல்லிய கேமரா ஒன்றை மேசைமேல் வைத்து, தடித்த மாதிரிகளை உள்ளே எடுத்து வைத்துவிடும்படி அறிவுரை கூறிச் சென்றார். அறிவுரையை நான் சோதித்துப் பார்த்தேன். பக்கத்துப் பூக்கடைக்காரர் தம் மகளுக்கு மலையில் முடியிறக்கிய அன்று, மண்டபத்து நிழலில் ஒரே இடத்தில் நின்று, மெல்லியதிலும் தடித்ததிலும் ஒவ்வொரு படம் எடுத்தேன்.

அஞ்சலட்டை அளவில் வேறுபாடு இல்லை. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கியபோது, தடித்த கேமராவின் படத்தில் சந்தனத்தின்மேல் விரல் ஓடிய தடம்கூடத் தெரிந்தது. மெல்லியதிலோ, லென்ஸை ஒட்டியிருந்த பிளாஷ் நேராக அறைந்து தலையை வெளுக்கச் செய்திருந்தது. பின்னாலிருந்த தூண்கள் கேழ்வரகு தூவியதுபோல் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. பெற்றோரின் இசைவோடு இரண்டையும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அருகருகே வைத்தேன். பூக்கடைக்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"இது எம் பொண்ணும்மா. அது இன்னா, வேக வெச்ச முட்டையா?"

எண்ணில் மயங்கிய மாப்பிள்ளை

பள்ளிப்பட்டிலிருந்து, திருமணம் நிச்சயமான இளைஞர் ஒருவர் தந்தையோடு வந்தார். மெல்லிய கேமராவின் முகத்தில் பொறித்திருந்த மெகாபிக்சல் எண்ணைத் தொட்டுக் காட்டி, எண் பெரிதென்றால் படமும் மேலானதுதானே என்று வாதிட்டார். உள்ளே ஒளியை வாங்கும் சில்லு சிறியது. அதில் அளவுக்கு மீறிப் புள்ளிகளை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறையும். வெயிலில் அது தெரியாது, மண்டபத்தில் தெரிந்துவிடும் என்று விளக்கினேன்.

தந்தைக்குப் புரிந்துவிட்டது. "டேய், எத்தினி பேர ஏத்தினாலும் பஸ்ஸு பெருசாவுமாடா?" என்றார். மகன் அசையவில்லை; மெல்லியதையே வாங்கினார்.

"நீ சும்மா இரு நைனா! பொண்ணு வூட்ல படத்தயா பாப்பாங்க? நம்பரத்தான் கேப்பாங்க."

முகத்தில் இட்ட பொட்டு

பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர், மெல்லிய கேமராவை வாங்கிச் சென்ற சில நாள்களில் திரும்பி வந்தார். எடுத்த படமெல்லாம் புகைமூட்டமாக இருப்பதாகப் புகார். இயக்கிப் பார்த்தேன். லென்ஸின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. புதுப்பொருளுக்குப் பூசை போட்டிருக்கிறார்கள். அதுவும் ஓடும் நிலையில் இருந்தால்தான் பலன் உண்டு என்று, இயக்கி, லென்ஸை வெளியே நீட்டவிட்டுப் போட்டிருக்கிறார்கள்.

தடித்த கேமராவுக்குத் தனி மூடி உண்டு. பொட்டு அதன்மேல் விழுந்திருக்கும். மெல்லியதாக்கும் அவசரத்தில் மூடியை இரண்டு தகடுகளாகக் குறுக்கிவிட்டார்கள். இயக்கினால் அவை விலகிக்கொள்ளும். துடைத்துக் கொடுத்து, இனிமேல் பின்பக்கம் பொட்டு வையுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூஞ்சிய வுட்டுட்டு முதுகுலயா பொட்டு வெப்பாங்க? நீயே சொல்லும்மா!"

பாய் விதித்த கெடு

படங்களைப் பார்த்தவர்களில் பலர் தயங்கி, யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார்கள். மெல்லிய கேமராக்கள் அலமாரியில் தேங்கின. ஆடிக் கிருத்திகைக்குள் அவை போகாவிட்டால் மேசைக்கு வேறு ஆள் வரும் என்றார் காதர் பாய். அந்த மொட்டைகளை உடனே எடுத்துவிடவும் சொன்னார்.

"எடுக்க மாட்டேன், பாய். மெல்லியத விக்க மாட்டேன்னு நான் சொல்லல. மறைச்சு விக்க மாட்டேன். வேணும்னா என்னை எடுத்துடுங்க" என்றேன். குரல் சற்று உயர்ந்துதான் விட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தமிழ் படிச்சவள வேலைக்கு வெச்சேன் பாரு! யாவாரம் பண்ணும்மான்னா, வந்தவங்களுக்குப் பாடம் எடுத்துகினு இருக்கே!"

பீரோவும் கைப்பையும்

கிருத்திகைக்குக் கூட்டம் சேரத் தொடங்கிய நாளில், பாய் தாமே கண்ணாடியைத் தூக்கிப் படங்களை எடுக்கக் கையை நீட்டினார். அப்போது மேசைமுன் நின்றவர், அரக்கோணத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி. "இருங்க பாய், பாத்துக்கறேன்" என்று தடுத்தார். நான் வழக்கம்போல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்தவர், மெல்லியதைக் கொடுக்கச் சொன்னார். குறை தெரிந்துமா என்று கேட்டேன்.

"ஆங், தெரிஞ்சுதாம்மா. நல்லா எடுக்கறது ஒண்ணு எங்க வூட்டு பீரோவுல கீது. எம் பொண்ணு ரயில்ல மடியில தூங்கிகினு வரப்போ பீரோவயா தூக்கினு போவேன்? இது பையில கெடக்கும். கொறைய சொல்லிட்டுக் குடுக்கறீங்க பாரு, அதுக்கே எங்க ஆபீஸ்ல சொல்றேன்."

சொன்னதைச் செய்தார். அவருடைய அலுவலகத்தினர் படங்களைப் பார்த்துவிட்டு, தெரிந்தே மெல்லியதை வாங்கிப் போனார்கள். கெடு முடிந்த அன்று, பாய் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தபடி பேசினார்.

"சரி, மொட்டை இருந்துட்டுப் போவட்டும். நடுவுல வெக்காதே, ஓரமா வெய்யி."

படங்களை நடுவிலேயே வைத்திருந்தேன். கடையை விட்டு வரும்வரை தடித்ததைவிட மெல்லியதையே மிகுதியாக விற்றேன், ஆனால் ஒன்றைக்கூடப் புகழ்ந்து விற்கவில்லை.