சாம் ஹெயின் என்று ஒரு ஆள்

கொரின் ஹாஸ்கெட் பதினோரு வருடமாக எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் என் பக்கத்து அடுப்பில் நிற்பவள். அக்டோபரில் பேய்வேஷப் பண்டிகை வந்தால் தலைமையாசிரியர் ஒரு கூம்புத் தொப்பியையும் பச்சைச் சாயத்தையும் அவளிடம் நீட்டுவார். மூக்கில் ரப்பர் மருவோடு, "என் கொப்பரையில சூப் குடிக்கிறியா?" என்று கரண்டியை ஆட்டிக் கேட்பாள். பிள்ளைகள் அலறிச் சிரிப்பார்கள். இண்டியானாவில் எங்கள் ஊர் மாதிரி சூனியக்காரியைக் கொண்டாடும் ஊர் கிடையாது. டிவியில் வந்தால் குடும்பத்தோடு பார்ப்பார்கள். நிஜமாகவே ஒருத்தி அந்த வழியில் இருப்பது மட்டும் தெரியக்கூடாது.

கொரின் இருக்கும் அந்த வழிக்குப் பெயர் விக்கா. நிலவையும் பருவங்களையும் மண்ணையும் கும்பிடுவார்கள். யாருக்கும் கெடுதல் செய்யாதே என்பதுதான் அவர்களுடைய பெரிய சட்டம். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் பெண்கள் சங்கத்தில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் கெடுதலை கொரின் வருடம் முழுக்கச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்து மாவட்டத்தில் இதே வழிக்காரி ஒருத்தி கோர்ட்டில் தான் விக்கா என்று ஒப்புக்கொண்டாள். இப்போது தன் பிள்ளைகளை மாதம் ஒரு முறை, அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் பார்க்கிறாள்.

கொரினுக்கு ஒரே மகள், ஏழு வயது டெஸ்ஸா. அவளை முழுக்கத் தன்னிடம் தரவேண்டும் என்று முன்னாள் கணவன் ட்ராய் வழக்குப் போட்டான். மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு நாள் சமையலறைக் காலண்டரைப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தான். அக்டோபர் முப்பத்தொன்றில் கொரின் ஒரு வார்த்தை எழுதி, பக்கத்தில் 'கூட ஒரு தட்டு' என்று குறித்திருந்தாள். அந்த வார்த்தையை அவள் ஆட்கள் 'சௌவின்' என்பார்கள். செத்துப்போனவர்கள் வீடு தேடி வந்து சாப்பிடும் நாள். தெரியாதவர்கள் எழுதியிருக்கிறபடியே எழுத்துக்கூட்டினால் அது 'சாம் ஹெயின்' என்று ஆள் பெயர் மாதிரிதான் வரும்.

ட்ராயின் வக்கீல் அப்படித்தான் படித்தார். சாட்சிக்கூண்டில் நான்.

"நீங்க அந்த வீட்டுக்குப் போக வர இருக்கிறவங்க. யாருங்க இந்த சாம் ஹெயின்? எத்தனை நாளா சாப்பிட வர்றார்?"

கொரினைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பிள்ளை போய்விடும். ஐந்து நிமிடம் முன்னால்தான் பைபிளில் கை வைத்திருந்தேன்.

"லாரி ஓட்டுறவருங்க" என்றேன். "எப்பவாச்சும் வருவாரு. தங்கமான மனுஷன்."

நீதிபதி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆம்பளை விவகாரம் அவருக்குப் பழகியது. மகள் தாயிடமே இருக்கட்டும், பிள்ளை வீட்டில் இருக்கும்போது அந்த ஆள் இரவு தங்கக்கூடாது, வசந்தத்தில் மறுபடி விசாரிப்போம் என்று முடித்தார்.

காருக்குள் ஏறியதும் கொரின் வயிறு வலிக்கச் சிரித்தாள். "என் பண்டிகைய ஆம்பளையாக்கிட்டியேடி, பெவ்!" அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

"பொண்ணு உங்கிட்ட இருக்கால்ல?" என்றேன்.

"இருக்கா. இனி அந்த ஆளையும் நான்தானே வச்சுக் காப்பாத்தணும்?"

அப்படியே ஆயிற்று. "சாம் எப்படி இருக்கார்?" என்று மளிகைக்கடையில் கேட்டார்கள். எந்த ரூட், என்ன வயது, முடி கறுப்பா நரையா எல்லாம் அவள் சொல்லவேண்டியிருந்தது. ஒரு துணை கிடைத்ததே என்று எங்கள் சங்கத்துப் பெண்கள் கேக் கொடுத்தனுப்பினார்கள். அவள் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம்தான் வந்தது. காப்பாற்றியவளுக்கு இதுவா மரியாதை என்று நினைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஐந்து வருடம் முன்னால் தானியக் குதிருக்குள் சரிந்து புதைந்துபோன அவள் தம்பி வேட், அவனுக்காகத்தான் அந்தக் கூடுதல் தட்டு. மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸ், அவனுக்குப் பிடித்தபடி. மெழுகுவர்த்தி இல்லை, மந்திரம் இல்லை. சாப்பிட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது, பேசினால் வந்தவர் தங்கமாட்டார், அவ்வளவுதான். பேசாமல் இருப்பதை யாரும் படம் பிடிக்க முடியாதே. டெஸ்ஸாவிடம் அதை ஒரு விளையாட்டு என்று சொல்லியிருந்தாள்.

பாதி சாப்பாட்டில் டெஸ்ஸா தோற்றாள்.

"அம்மா, அந்தத் தட்டு சாம் அங்கிளுக்கா? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

கொரின் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாடா தங்கம். சாமுக்குத்தான்."

"போன வருஷம் வேட் மாமாவுக்குன்னு சொன்னியே?"

"இல்லையே."

"நீதாம்மா சொன்ன! மாமா வந்து சாப்பிடுவாருன்னு..."

"நீ கனவு கண்டிருப்ப. செத்தவங்க எங்கயாச்சும் வருவாங்களா?"

குழந்தை யோசித்துப் பார்த்தது. பிறகு, கனவுதான் போல என்று தலையாட்டிவிட்டு நூடுல்ஸைச் சுற்றத் தொடங்கியது. கொரின் எழுந்து, தம்பியின் தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"நீ சாப்பிடு, பெவ். உன் ஆளுக்குத்தானே வச்சது."

ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.