ஊற்று வந்த கக்கூஸ் குழி

என் மனைவி வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பில் விரிசல் கண்ட வருஷம்தான் எங்கள் வீட்டில் கக்கூஸ் கட்டினேன். கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கரும்புக் கொல்லை ஓரத்தில் தனி வீடு. சாக்கடை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதுவரை எல்லாருக்கும் கொல்லைதான். விழுந்த பிறகு அவளால் கோல் ஊன்றி வீட்டைச் சுற்றித்தான் நடக்க முடிந்தது. கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் வந்து பார்த்துவிட்டு, "தீவாளிக்குள்ள கக்கூசு கட்டலன்னா அம்மாவ இட்டுக்கினு பூடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னால் செய்கிறவள். அவளைப் பெற்றவள் இல்லாத வீட்டில் நான் தனியாக எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்?

எனக்குக் கிணறு வெட்டுகிற தொழில். கோமுகி அணை கட்டும்போது மண் சுமந்தேன். பிறகு முழுக்கக் கிணறுதான். மேலே கரியாலூர்ப் பக்கம் போனால் சீக்கிரமே பாறை தட்டிவிடும். ஒரு தடவை அங்கே ஒரு பாறை எங்களை ஒரு மாசம் உட்கார வைத்தது. தினமும் சாமைச் சோறு போட்டார்கள், அவரைக்காய்க் குழம்போடு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அது கிடக்கட்டும். கீழே எங்கள் பக்கம் கறுப்பு மண், அதற்கடியில் சுக்கான் கல், அதற்கடியில் மணல்.

தியாகதுருகத்தில் ஒரு சொந்தக்காரர் பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார். அது நிறைந்தால் லாரி வந்து உறிஞ்ச வேண்டும். எங்கள் வீட்டுக்கு மாட்டுவண்டியே வரப்பில் ஒரு சக்கரம் ஏறித்தான் வரும். அதனால் தொட்டி வேண்டாம், குழி போதும் என்று முடிவு செய்தேன். ஆழமாக வெட்டிவிட்டால் எங்கள் ஆயுசுக்கும் நிறையாது என்று நினைப்பு. எங்கள் கிணற்றுப் பக்கம் மண் இளக்கமாக இருந்தது. கூடை தூக்க இரண்டு ஆள் வைத்து அங்கேயே ஆரம்பித்தேன்.

மூன்று ஆள் ஆழத்தில் மணல் கசிந்தது. ஊற்று வந்தால் எங்கள் தொழிலில் முதல் தண்ணீரை மிதிக்க மாட்டோம். ஒரு கை அள்ளிக் குடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கற்பூரம் காட்டுவோம். கை தன்னால் செய்துவிட்டது. அண்ணாந்து, "ஏம்மே, கற்பூரம் எட்து வா" என்று குரல் கொடுத்தேன்.

அவள் கோலை ஊன்றி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குக் கற்பூரம்?"

"ஊத்து வந்துட்சி. தேனாட்டம் கீது."

"குடிச்சீங்களா?"

"ம்."

"அப்ப அதுலதான் நா போவணுமா?"

கூடைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தடி தள்ளி நாங்கள் குடிக்கிற கிணறு. இரண்டுக்கும் ஒரே ஊற்று.

"கும்புட்ட எடத்துல நா குந்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். கயிறும் கடப்பாரையும் நான் எப்போதும் வாங்குகிற பாய் கடையில்தான் கக்கூஸ் பீங்கானும் விற்றார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"ஏன் பெரியவரே, கெணறு வெட்றவருக்குக் குழி வெட்டத் தெர்லியா?"

"ஆழம் ஜாஸ்தி ஆயிட்சி பாய்."

"கம்மி பண்ணுங்க. நாலடி போதும். ஆனா ரெண்டு குழி." எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால், சுண்ணாம்புக்கட்டியால் மேஜையிலேயே வரைந்து காட்டினார். "ஒண்ணு ரொம்பினா அத்த அடைச்சிட்டு இன்னொண்ணத் தொறந்து வுடுங்க. ரெண்டு வருசம் தொடாதீங்க, உள்ள கீறது மண்ணாப் பூடும். லாரி வேணாம்."

"தண்ணி?"

"செங்கல்ல சந்து வுட்டுக் கட்டுங்க, மண்ணு குடிச்சிக்கும். கெணத்துக்கு மட்டும் தூரமா வைங்க. திரும்பவும் கற்பூரம் கேட்டுடாதீங்க."

நாலடி வெட்டினால் எனக்குக் கை கூடச் சூடாகாது. வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடக் கஷ்டம் அந்த முதல் குழியை மூடியது. எத்தனையோ கிணறு வெட்டியிருக்கிறேன். ஊற்று வந்த பிறகு மண் தள்ளி மூடியது அது ஒன்றுதான். கூடைக்காரர்கள் கடைசிக் கூடை கொட்டும்வரை நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கு எதிர்மூலையில், இரண்டு குழியும் வெட்டிச் செங்கல் அடுக்கி, பக்கத்தில் பீங்கான் பதித்துச் சுவரும் கதவும் வைத்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் மகள் பெரிய பையோடு வந்து இறங்கினாள்.

"அம்மா, துணி எட்து வெச்சிட்டியா?"

"இரு வரேன்" என்று மனைவி கோலை ஊன்றிப் பின்வாசல் வழியாகப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தோம். மனைவி வந்து கால் கழுவினாள்.

"குந்தி எழுந்திருக்க சொவத்துல ஒரு கம்பி வேணும். அத்த மட்டும் ஒங்கப்பன வெக்கச் சொல்லு" என்றாள் மகளிடம். "துணி இங்கியே கெடக்கட்டும்."

மகள் பையில் முருங்கைக்காயை நிரப்பிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போனாள். நான் உளியை எடுத்துக்கொண்டு சுவரில் துளை போடப் போனேன்.