படத்துக்காகக் கவிழ்த்து வைத்த கூடை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் லோரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் தாப்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவினேன். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. கிடைத்த வேலையைச் செய்வேன். குளிர் அதிகமானால் இரண்டு சட்டை போட்டுக்கொள்வேன்.

வெளிநாட்டு ஆட்கள் தங்கும் லயத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். பங்களாதேஷ்காரன் ஒருவன் முந்தின நாள்தான் ஓடிப்போய்விட்டான், கட்டில் காலியாக இருக்கிறது என்றார் கங்காணி. கட்டிலின்மேல் ஒரு போர்வையும் கிடந்தது. எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த வாரம் தோட்டத்தில் ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. "ஒனக்குத்தான் கத்திரி புடிச்சி கொழுந்து வெட்டத் தெரியாதே, போயி அவங்களுக்குப் பெட்டி தூக்குலா" என்று கங்காணி என்னை அவர்களிடம் அனுப்பிவிட்டார்.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த டைரக்டருக்கு என்னைவிட வயது குறைவு. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். மறுநாள் காலையில் எடுக்கப்போகிற முதல் காட்சியைப் பற்றி என்னிடமும் சொன்னார்.

"ஆரம்பத்துல ஆளே கெடையாதுண்ணே. பனி, கவுந்து கெடக்குற ஒரு கூடை, பக்கத்துல ஒத்தக் கால் பூட்ஸ். அவ்வளவுதான்."

"பொணம் வேணாமா?"

"காட்டுனா பயம் போயிரும். கூடைய மட்டும் காட்டுனா பொணத்த ஜனங்களே செஞ்சிக்குவாங்க. அதத் தேட ஆரம்பிச்சிட்டாங்கன்னா, நான் விடுற வரைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டாங்க."

"மொதல்ல காசு போட்டவரு எந்திரிச்சி ஓடாமப் பாத்துக்கங்கலா" என்றார் கேமராக்காரர்.

அந்தக் கூடைக்காக நான்தான் லயத்துக்குப் போனேன். கொழுந்து வெட்டும் அக்கா ஒருவர், நீலத் துணி சுற்றிய வார் போட்ட தன் கூடையையும் பழைய பூட்ஸ் ஒன்றையும் கொடுத்தார். பனிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோகும் ஒரு காட்சியில் அவரும் நடிப்பதாக இருந்தது. அதற்காக லீவு போட்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரியும் என்று சொல்லியும், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டுதான் வருவேன் என்றார். அவருடைய கணவர் அன்று ரிங்லெட்டில் ஒரு துக்க வீட்டில் இருந்தார். மறுநாள் காலை அங்கிருந்து நேராக வேலைக் காட்டுக்கு வந்துவிடுவார், தான் லீவு போட்டதுகூட அவருக்குத் தெரியாது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடிந்ததும் கூடையைக் கொண்டுபோய் வைத்தோம். அந்த மலைச்சரிவில் தேயிலை நிரை முடிகிற இடத்துக்குக் கீழே செங்குத்தான பள்ளம். அடியில் ஓடை. பள்ளத்திலிருந்து பனி ஏறி வருவதைப் பார்த்துத்தான் டைரக்டர் அந்த விளிம்பைத் தேர்ந்தெடுத்திருந்தார். கூடையைக் கவிழ்த்துக் கொழுந்தை இறைத்துவிட்டார். பூட்ஸை விளிம்பை ஒட்டிச் சாய்த்து வைத்தார். பிறகு எல்லோரும் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த ரோட்டு வளைவுக்குப் போய்க் கேமராவை நிறுத்தினோம்.

அன்று அந்தத் தேயிலைக் காட்டில் வேலை இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் இரவு பெய்த மழையில் வேறொரு காட்டுக்குப் போகும் பாதை சேறாகி லோரி ஏறவில்லை. ஆட்களை இங்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது.

பனிக்குள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்பதால், நிரைக்கு நிரை குரல் கொடுத்துக்கொண்டே வேலை செய்வது அங்கே வழக்கம். முதலில் எங்களுக்கு அந்தக் குரல்கள்தான் கேட்டன. ஒன்று கூப்பிட, அடுத்தது பதில் சொல்ல, அப்படியே விளிம்பை நோக்கி வந்தன. திடீரென்று எல்லாம் நின்றது. பனி கொஞ்சம் விலகியபோது, பெண்கள் கூடையைச் சுற்றி நிற்பது தெரிந்தது. ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்தாத, எடு" என்று டைரக்டர் கேமராக்காரரிடம் கிசுகிசுத்தார். "இத நடிச்சிக் காட்டச் சொன்னா வராது."

அப்போது ஒரு ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கூடையின் நீலத் துணியைப் பிடித்துப் பார்த்தார். கங்காணி எட்டிப் பிடிப்பதற்குள், வேர்களைப் பற்றிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

நான் டைரக்டரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சார், அது அந்த அக்காவோட புருசன். பொண்டாட்டி விழுந்துட்டான்னு நெனச்சி எறங்குறாரு."

"ஒரு நிமிசம்ணே" என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஓடினேன். ரோட்டைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, செடிகளுக்குள் விழுந்து எழுந்து, நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அண்ணன் கண்ணிலேயே படவில்லை. கீழே கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு மூச்சு வாங்கியது. "அக்கா வீட்டுல இருக்காங்க. இது சினிமாவுக்கு வச்ச கூடை" என்றேன்.

உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக, "நாசமாப் போவ ஒங்க சினிமா" என்றாள். பக்கத்தில் இன்னொருத்தி அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். கங்காணி என்னை முறைத்துவிட்டுப் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினார்.

"தம்பி, ஏறி வா. ஒம் பொண்டாட்டி வீட்டுல நல்லா இருக்கா. இது சினிமாக் கூடைலா."

கீழே கிளை முறியும் சத்தம் நின்றது. இன்னொரு தடவை கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அண்ணனின் குரல் வந்தது.

"அப்ப இது யாரு?"

எல்லோரும் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தோம்.

"ஆள் கெடக்குதுண்ணே. உசுரு இருக்கு. கயிறு போடுங்க."

கொழுந்து லோரியின் கயிற்றை அவிழ்த்து வந்தார்கள். இரண்டு பேர் இறங்கினார்கள். நாங்கள் மேலே நின்று இழுத்தோம். எங்களோடு சேர்ந்து இழுத்த கைகளில் டைரக்டருடைய கைகளும் இருந்தன. எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் வெறும் கூடையத்தாண்ணே வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேறு அப்பிய அந்த உடம்பை மேலே கிடத்தியதும் கங்காணி குனிந்து முகத்தைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"நம்ம பங்களாக்காரன்."

ஓடிப்போய்விட்டதாகச் சொன்ன அதே ஆள். தோட்டத்தில் அந்த விளிம்பில்தான் போனுக்கு லைன் கிடைக்கும். ஊருக்குப் பேச வந்தவன், மழையில் மண் சரிந்து விழுந்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. கால் முறிந்துவிட்டது. ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போது மலாயில் ஒன்றைத்தான் சொன்னான்: கூப்பிட்டேன், கூப்பிட்டேன்.

"நேத்து மேக்காட்டுல நிக்கிறப்ப ஏதோ கத்துச்சி" என்றாள் ஒரு பெண் மெதுவாக. "கொரங்குன்னு நெனச்சிட்டோம்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

போர்வை கொண்டுவரச் சொல்லி என்னை விரட்டினார்கள். லயத்துக்கு ஓடி, என் கட்டிலில் கிடந்ததை எடுத்து வந்து போர்த்தினேன். அவன் போர்வையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவனுடைய போர்வை. அவன் பள்ளத்தில் விறைத்துக் கிடந்தபோது, அதைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கியவன் நான். கொடியில் அவனுடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு என் சட்டையைப் போட்டிருந்தேன். ஓடிப்போகிறவன் சட்டையையும் போர்வையையும் விட்டுவிட்டா போவான்? எனக்கும் தோன்றவில்லை, அந்த லயத்தில் வேறு எவருக்கும் தோன்றவில்லை.

அவனை லோரியில் ஏற்றும்போது அந்த அக்கா வந்து சேர்ந்தார். சேலை, பூ, பவுடர் எல்லாம் இருந்தது. சேறும் ரத்தமுமாக உட்கார்ந்திருந்த கணவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ செத்துட்டன்னு நெனச்சி எறங்குனா, நீ பூ வச்சிக்கிட்டு வர்ற."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் கையைத் துடைத்தார்.

அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். காலில் இரும்பு வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் படம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. டைரக்டர் சொன்னது மட்டும் சரி. முதலில் எதைக் காட்டுகிறார்களோ அதை வைத்துத்தான் நாம் தேடுகிறோம். ஒரு கூடையைக் காட்டினார்கள், இல்லாத ஒரு பிணத்தைத் தேடித் தோட்டமே ஓடியது. 'ஓடிட்டான்' என்ற ஒரு சொல்லைச் சொன்னார்கள், உயிரோடு கத்திக்கொண்டிருந்தவனை யாரும் தேடவில்லை. நானும் ஊர் ஊராகப் போகிறவன். நான் காணாமல் போனாலும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். இப்போது எந்த இடத்தில் யார் 'அவன் ஓடிட்டான்' என்று சொன்னாலும், தேடிப் பார்த்தீர்களா என்று கேட்காமல் என்னால் அங்கே ஒரு ராத்திரி படுக்க முடிவதில்லை.